பத்தரை மணி நேரம் முன்னால் போனவன்

வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் போய்ச் சேருகிறவரை வீட்டைப் பெருக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. போனவருடைய காலடி மண் வீட்டுக்குள் கிடக்கிறவரை, வழியில் அவர் தொலைந்துவிடாமல் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் என்பார் என் மாமியார். வேலூருக்கும் ஆம்பூருக்கும் போகிறவர்களுக்காக உண்டான வழக்கம் அது. ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஆறு. அதற்குள் பஸ் போய்ச் சேர்ந்துவிடும், நாமும் துடைப்பத்தை எடுத்துவிடலாம்.

பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் போகிறவனுக்கு அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதில் நடந்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன். தப்பு என்னுடையது. கொஞ்சம் பயமாக இருக்கும், கண்ணுகளா. பயந்து பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியோடு போனால் இன்னும் பயமாக இருக்கும்.

1998 ஜனவரி மாதம். விவேக் நகரில் குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால் எங்கள் சந்து. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலியின் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். பாஞ்சாலி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளை உமேஷ். பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. அதைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு நியூயார்க் போகச் சொன்னார்கள். எங்கள் சந்துப் பையன் டென்சில் ஏற்கெனவே அங்கே இருந்தான். அவன் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

எங்கள் வீட்டில் போன் இருந்தது. என் வீட்டுக்காரர் சின்னப்பாவுக்கு டெலிபோன் ஃபேக்டரியில் வேலை. சந்து முழுக்க எங்கள் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்து வைத்திருந்தது. "இந்த போனுக்கு நம்ம பேரே தெரியாது, ருக்கு. அடிச்சா அடுத்த வீட்டுக்குத்தான் அடிக்கும்" என்பார் அவர்.

கிளம்புகிறதுக்கு முதல் நாள் உமேஷ் காலண்டர் தாளின் பின்பக்கம் உலகத்தை ஒரு முட்டை மாதிரி வரைந்து, இங்கே ஒரு புள்ளியும் அங்கே ஒரு புள்ளியும் வைத்து அம்மாவுக்குக் காட்டினான். நான் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இதுக்கும் இதுக்கும் பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்மா."

"வேலூர் மாதிரின்னா எத்தினி வேலூர்டா?"

அவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டான். "அறுவத்து மூணு வேலூர். மேல கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்துலதான்டா மனுசன் தொலைஞ்சி போவான்" என்றாள் பாஞ்சாலி. மூன்று பேரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு விமானம். புதுச் சட்டை, புது ஷூ. தினமும் போட்டுக்கொள்ளும் நீல வார் ரப்பர் செருப்பை வாசற்படி ஓரத்தில் கழற்றிவிட்டுப் போனான். எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அந்த விமானங்கள் தினம் எங்கள் தலைக்கு மேலேதான் போகும், யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்தோம்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஆம்ப்ரோஸ், விமானங்கள் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரு தாளில் டைப் அடித்துக் கொடுத்திருந்தான். பாஞ்சாலிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, கடைப் பலகைகளையும் மருந்துச் சீட்டுகளையும் பார்த்துப் பார்த்து வந்தது. அந்தப் பெருமையில்தான் தாளைக் கையில் வாங்கினேன்.

"பம்பாய்ல ஒரு தடவ ப்ளேன் மாறணும். அப்புறம் லண்டன். நாளைக்குப் புதன்கிழம மத்தியானம் ஒரு மணிக்கு நியூயார்க் போய்ச் சேந்துருவான்" என்றேன்.

"ஒரு மணிதானேக்கா? நல்லாப் பாத்து சொல்லுங்க."

"ஒரு மணி. பெரிசா போட்டிருக்கு பாரு."

அன்றைக்கு இரவும் மறுநாள் காலையும் பாஞ்சாலி வீட்டைப் பெருக்கவில்லை. அவன் சாப்பிட்டுச் சிந்திய பருக்கைகூட அப்படியே காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவள், எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு எதிரே வந்து நின்றாள். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சேந்திருப்பான். போ, போய்ப் பெருக்கு" என்றேன்.

அவள் கூடத்தைப் பெருக்கி, குப்பையை முறத்தில் வாரித் தெருமுனைத் தொட்டியில் கொட்டினாள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையில் துண்டோடு வெளியே வந்தபோது எங்கள் வீட்டில் போன் அடித்தது. மணி ஒன்று இருபது.

நான்தான் எடுத்தேன். வெளிநாட்டு கால் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாம் பேசியது ஒரு வினாடி கழித்து நமக்கே திரும்பி வரும், நடுவில் ஒரு இரைச்சல் ஓடும். இதில் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"பெரிம்மா, நான்தான். அம்மா இருக்குதா?"

பாஞ்சாலியிடம் கொடுத்தேன். ரிசீவரை அவள் காதில் வைத்திருக்க, எனக்கும் கேட்டது.

"அம்மா, சேந்துட்டேன். குளிச்சிட்டியா?"

"குளிச்சிட்டேன்டா ராஜா. நீ சாப்ட்டியா?"

"பெருக்கிட்டல்ல?"

"பெருக்கிட்டேன்."

"தெரிஞ்சிது" என்றான். லைன் போய்விட்டது.

தெரிஞ்சிது என்று ஏன் சொன்னான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிள்ளை போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் சர்க்கரை எடுத்து எல்லார் வாயிலும் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன் என்றால் கோயிலில் நவநாள். காலையிலிருந்தே எங்கள் தெருவில் மெழுகுவர்த்திக்காரர்களும் ஆட்டோக்களும் நெரிபடும். எட்டு மணிக்கு, அந்தச் சத்தத்துக்கு நடுவே போன் அடித்தது. இரைச்சல், எதிரொலி, எல்லாம் இருந்தது. பாஞ்சாலியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, சேந்துட்டேன்மா. கால் பண்ண லேட்டாயிடுச்சி."

"அதான் நேத்தே சொன்னியேடா" என்றாள் பாஞ்சாலி.

"நேத்தா? எத்தினி மணிக்கு?"

"மத்தியானம் ஒண்ணே கால், ஒண்ணரை இருக்கும்."

"அம்மா, அப்ப நான் ஏரோப்ளேன்ல இருந்தேன். லண்டன்கூட வரல."

பாஞ்சாலி ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"பெரிம்மா, நீங்களாச்சும் வெளையாடாம சொல்லுங்க" என்றான் உமேஷ். "இங்க டென்சிலும் இதே மாதிரி ஏதோ சொல்லிக்கிட்டிருக்கான். நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு நான் வந்து கதவு தட்டினேனாம். பெட்டி கிட்டி ஒண்ணுமில்ல. கால்ல ரப்பர் செருப்பு. இந்தப் பனியில என்னாடா செருப்புன்னு அவன் கேட்டதுக்கு நான் பேசவே இல்லியாம். சோபாவுல படுத்துக்கிட்டேனாம். காலைல பாத்தா போர்வ மடிச்சி வெச்சிருக்கு, ஆள் இல்ல. சாயங்காலம் நான் பெட்டியோட போய் நின்னா, 'எங்கடா சுத்திட்டு வர்றே'ன்னு கேக்கறான்."

நான் வாய் திறப்பதற்குள் பாஞ்சாலி வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். தன் வீட்டு வாசற்படி ஓரத்தைப் பார்த்தபடி நின்றாள். நீல வார் செருப்பு அங்கே இல்லை.

"பெருக்கும்போது நகத்தி வெச்சேன்க்கா. இங்கதான் வெச்சேன்."

அன்று மத்தியானம் ஆம்ப்ரோஸின் கடைக்குப் போனோம். தாளைப் பார்த்துவிட்டு அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான்.

"ஆன்ட்டி, இதுல போட்டிருக்கறது அந்த ஊரு டைம். அவங்க கடிகாரத்துல ஒரு மணி. நம்ம கடிகாரத்துல அப்ப ராத்திரி பதினொண்ணரை. நமக்கும் அவங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். உமேஷுக்குச் சொன்னேனே, உங்களுக்குச் சொல்லலியா?"

"அப்ப இங்க மத்தியானம் ஒரு மணின்னா அங்க?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினான். "ராத்திரி ரெண்டரை."

பாஞ்சாலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்ப்ரோஸ் நல்ல பிள்ளை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவளைச் சமாதானப்படுத்துகிறதாக நினைத்துப் பேசிக்கொண்டே போனான். "ரெண்டு எடத்துல எறங்கி ஏறினா மொத்தம் இருவத்தெட்டு மணி நேரம் ஆகும் ஆன்ட்டி. எங்கியும் நிக்காம நேரா பறந்தா பதினேழு, பதினேழரை மணி நேரத்துல போயிடலாம். ஆனா இங்கேருந்து அங்க நேரா போற ப்ளேன் இன்னும் வரல."

செவ்வாய் சாயங்காலம் ஏழரையிலிருந்து புதன் மத்தியானம் ஒரு மணிவரை எவ்வளவு என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினேழரை.

எங்கும் நிற்காமல் நேராகப் போயிருக்கிறது. காலடி மண்ணை நாங்கள் பெருக்கித் தள்ளியதும், பிடித்துவைக்க ஒன்றும் இல்லாமல், உமேஷிடமிருந்து ஏதோ ஒன்று அறுத்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாஞ்சாலியும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் தெருமுனைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். கார்ப்பரேஷன் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்தத் துடைப்பத்தில் சிக்கியிருந்த கொஞ்சம் தூசிதான் மிச்சம். அதை அப்படியே செய்தித்தாளில் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வேறு துடைப்பம் வாங்கினாள்.

அடுத்த புதன்கிழமை, ஒன்று இருபதுக்கு, போன் அடித்தது.

இரைச்சல் இல்லை. "பெரிம்மா, அம்மா சாப்பிட வந்திருக்குமே, கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்? அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உமேஷ் பேசுவான்.

இரண்டும் உமேஷ் குரல்தான். ஆனால் மாதம் போகப் போக வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. புதன்கிழமைக் குரல் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது அம்மா தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தை ஏசு கோயில் வரிசையில் நின்றது, அன்றைக்கு அம்மா கட்டியிருந்த சேலையில் ஒரு கிழிசல் இருந்தது, அதற்குள் விரலை விட்டுக்கொண்டே தூங்கிப்போனது. "முட்டி வலி எப்பிடி இருக்கும்மா? மாடிப்படி ஏறாத" என்று கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை உமேஷ் அதையெல்லாம் கேட்பதை விட்டுவிட்டான். நல்லா இருக்கேன், குளிர் இருக்கு, வேல இருக்கு. அவ்வளவுதான். ஒருநாள் மட்டும் என்னிடம் மனம் விட்டுப் பேசினான்.

"பெரிம்மா, எங்க போனாலும் எனக்கு முன்னாடி நான் போயிருக்கேன். பேங்குல, 'நேத்துதான வந்தே'ங்கறாங்க. ஆபீஸ்ல நான் போடவேண்டிய கையெழுத்து போட்டிருக்கு, என் கையெழுத்துதான். கம்ப்யூட்டர்ல நான் சரிபண்ண வேண்டிய லைனெல்லாம் யாரோ சரிபண்ணி வெச்சிருக்காங்க. டென்சில் ரூமை மாத்திக்கிட்டுப் போயிட்டான், பயந்துட்டான். எனக்கு முன்னாடி போறவன என்னால புடிக்கவே முடியல பெரிம்மா. நான் போறதுக்குள்ள எந்திரிச்சிப் போயிடறான்."

தீபாவளிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஒன்று கேட்டான்.

"அம்மா, எனக்குப் புடிச்ச கொழம்பு எது? ஆபீஸ்ல கேட்டாங்க. நெனப்பு வரல."

"கருவாட்டுக் கொழம்புடா" என்றாள் பாஞ்சாலி.

"அப்பிடியா" என்றான், யாரோ ஒருவருடைய விலாசத்தைக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

அன்றைக்கு நான் பாஞ்சாலியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "புதன்கிழம போன நான் இனிமே எடுக்க மாட்டேன். அது என்னான்னே தெரியல. நீ பேசப் பேச அது வளருது, இவன் தேயறான்."

"எடுக்காதேன்னு நானும் சொல்றேன்" என்றார் சின்னப்பா. "வயர புடுங்கி வெச்சிடறேன். சும்னே, வேலையில்லாம பேயிகிட்ட பேசிக்கிட்டு."

பாஞ்சாலி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம பேசறவன் என் வயித்துல பொறந்தவன். புதன்கிழம பேசறது என் புள்ள. இதுல எத விடச் சொல்றீங்கக்கா?"

வயரைப் பிடுங்கப் போனவரைத் தடுத்தேன். ஒரு மணி என்று படித்துச் சொன்ன வாய் இது. போன் வயர் அப்படியே இருந்தது.

1999 ஜனவரியில் வேலை முடிந்து உமேஷ் திரும்பி வருவதாக ஆயிற்று. இந்தத் தடவை ஆம்ப்ரோஸே வீட்டுக்கு வந்து தாளைக் கொடுத்தான், தமிழில் பேனாவால் எழுதி. திங்கட்கிழமை காலை ஆறரை, நம் கடிகாரம். "போறப்ப கடிகாரத்த பத்தரை மணி நேரம் பின்னாடி திருப்புவாங்க ஆன்ட்டி. வர்றப்ப அதே பத்தரைய முன்னாடி திருப்பி வெக்கணும். அப்பத்தான் ஊரு நேரத்துக்கு சரியா வரும்."

அதற்கு முந்தின புதன்கிழமை போன் வந்தது. "அம்மா, நானும் வரேன். அவன் கூட ஏற முடியாது. அவனுக்குப் பத்தரை மணி நேரம் பின்னாடி வருவேன். கதவ தொறந்து வெச்சிரு."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமையே உமேஷ் பேசினான். குரல் கம்மியிருந்தது. "அம்மா, நான் உள்ள வந்ததும் கதவ சாத்திடு. யார் தட்டினாலும் தொறக்காத. அவன் உள்ள வந்தா நான் இருக்க மாட்டேன்மா. சத்தியமா இருக்க மாட்டேன்."

ஒரு தாயிடம் இரண்டு பேரும் இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலையில் சின்னப்பா போய் உமேஷை ஆட்டோவில் அழைத்து வந்தார். சந்தே வாசலில் நின்றது. அவன் இறங்கினான். சட்டை கொக்கியில் மாட்டிய மாதிரி உடம்பில் தொங்கியது. கண் எங்கேயும் நிற்கவில்லை.

பாஞ்சாலி வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஆரத்தி எடுக்கலியா? புள்ள ஒரு வருசம் கழிச்சி வந்திருக்கான்" என்றார் சின்னப்பா.

"அப்புறம் எடுத்துக்கலாம்ண்ணா."

அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. உள்ளே போய்ச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தான். "கதவு" என்றான். அவள் சாத்தினாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். வேறு யாருடைய பசிக்கோ சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

நான்கரை மணிக்குச் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனேன். சமையலறை மேடையில் தாம்பாளம் தயாராக இருந்தது. தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து, ரத்தச் சிவப்பில். வெற்றிலையும் கற்பூரமும் பக்கத்தில்.

"நீங்க பக்கத்துல இருங்கக்கா. தாம்பாளத்த புடிக்க ஆள் வேணும்" என்றாள்.

ஐந்துக்குச் சற்று முன்னால் உமேஷ் எழுந்தான். யாரும் எழுப்பவில்லை. நேராகப் போய்க் கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றான். வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஒரே சமயத்தில் நின்றது.

ஜன்னல் கம்பியில் சாவியால் தட்டும் சத்தம். மூன்று தட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து உமேஷ் கதவைத் தட்ட மாட்டான், ஜன்னல் கம்பியில்தான் தட்டுவான், மூன்று தடவை. வெயில் அந்த ஜன்னலில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஆள் நிழல் எதுவும் இல்லை.

"அம்மா, வந்துட்டேன். கதவ தொற. கால் வலிக்குது."

உமேஷ் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். "வேணாம்மா. தொறக்காத. எனக்கு பயமா இருக்கு."

பாஞ்சாலி அவனிடம் போனாள். அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

"காலைல உனக்கு ஆரத்தி எடுத்தனா?"

"இல்ல."

"எடுக்காம உள்ள வந்தா அது வீட்டுக்கு வந்ததா கணக்காடா? நீ இன்னும் வரல. உன்ன நான் இன்னும் உள்ள கூப்பிடவே இல்ல. வெளிய போய் நில்லு. நான் கூப்பிடறேன், அப்ப வா."

"அவன் இருக்கான்மா வெளிய."

"இருக்கட்டும். அவனும் ஒரு வருசம் கழிச்சித்தான் வரான். போ ராஜா. ஒரே ஒரு படிதான்."

அவனே தாழ்ப்பாளைத் திறந்தான். அது இரண்டு தடவை வழுக்கியது. வெளியே சந்தின் நடுவில் யாரும் இல்லை. பிள்ளைகள் எதிர்ச்சுவர் ஓரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். உமேஷ் வாசற்படிக்கு வெளியே இறங்கி, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். கற்பூரம் எரிந்தது. சுற்றும்போது தண்ணீரைத்தான் பார்த்தேன், அவனைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சிவப்புத் தண்ணீரில் அவன் தலையின் நிழல் விழுந்திருந்தது. அதற்குப் பின்னால், தோளுக்கு மேலே, இன்னொரு தலை. முதல் சுற்றில் இரண்டு. இரண்டாவது சுற்றிலும் இரண்டு. மூன்றாவது சுற்றில் தாம்பாளம் ஆடித் தண்ணீர் தளும்பியது, அலை அடங்கியபோது ஒன்றுதான் இருந்தது.

பாஞ்சாலி அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். "வலது கால வெச்சி வாப்பா" என்றாள்.

அவன் வந்தான். உள்ளே வந்து நின்று, நீளமாக மூச்சை இழுத்தான், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவன் மாதிரி. அம்மாவின் முழங்காலைப் பார்த்தான்.

"முட்டி வலி எப்பிடி இருக்கும்மா?"

பாஞ்சாலி அப்போதுதான் அழுதாள்.

"கொழம்பு மிச்சம் இருக்கா? காலைல ருசியே தெரியல" என்றான். இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டான். இரண்டு ஆள் சாப்பாடு. நானே பரிமாறினேன், அதனால் சொல்கிறேன்.

ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டப் போனபோது பார்த்தேன். படி ஓரத்தில் நீல வார் செருப்பு கிடந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பனி உருகுவதற்காக அந்த ஊர்த் தெருக்களில் உப்பைக் கொட்டி வைப்பார்கள் என்று பிறகு டென்சில் வந்தபோது சொன்னான்.

மறுநாள் காலையில் பாஞ்சாலி பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பழைய துடைப்பத்தை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உமேஷ் அவள் வீட்டுக்குள் படுத்திருந்தான்.

"மணி என்னாக்கா? இப்ப பெருக்கலாமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை சொல்லியாயிற்று. இன்னொரு தடவை அந்தப் பாரத்தைத் தூக்க என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.

பாஞ்சாலி வீட்டுக்குள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. தூக்கக் கலக்கம் இல்லாமல், ரொம்பப் பக்கத்தில், சுத்தமாக.

"பெருக்கும்மா. எல்லாரும் வந்தாச்சு."

பாஞ்சாலி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போய்க் குனிந்து, கூடத்து மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். வாசற்படிவரை வந்தவள், அந்தச் செருப்பை மட்டும் நகர்த்தாமல், அதைச் சுற்றிப் பெருக்கினாள்.